தலைக்கு மேல் ஓர் ஈரத்துணி

எடையில்லாத இடத்தில் மனிதன் எப்படிக் குளிப்பது என்று கேட்டால் பெரிய படிப்பாளிகள்கூடத் தலையைச் சொறிவார்கள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. உலகம் யாங்கோன் என்று சொல்லும் ஊரில், எங்கள் வீட்டுத் தமிழில் இன்னும் ரங்கூனாகவே இருக்கும் ஊரில், பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணும் அதற்குப் பதில் சொல்லிவிடுவாள். நாலு பேர் போய்வருகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நிற்போம். லுங்கியை மார்புக்கு மேல் ஏற்றி முடிந்துகொண்டு, தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக் குளிப்போம். பிறகு ஈர லுங்கிக்கு மேலேயே உலர்ந்ததை மாட்டி, உள்ளே இருப்பதை நழுவவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்குள் போய்விடுவோம். ஒரு விரற்கடை மானம் போயிருக்காது. இதைத்தான் நான் விண்வெளிக்குத் தைத்துக்கொடுத்தேன்.

அங்கே தண்ணீர் விழாது. ஊற்றினால் ஓடாது, தோலோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கும். உதறினால் உருண்டை உருண்டையாகப் பிரிந்து மிதந்து, மூக்குக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் போய் உட்காரும். அதனால் அங்கே தங்குகிறவர்கள் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. மாதக்கணக்கில் வெறும் துடைப்புத்தான். ஒரு தரம் குளித்த மாதிரி இருந்தால் போதும் என்று ஏங்கிப்போகிறார்களாம். எனக்கு அது நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் வராத நாளில் நான் வீட்டில் யாரோடும் பேசமாட்டேன்.

என் யோசனை இவ்வளவுதான். இரண்டு அடுக்குத் துணியில் ஒரு குழாய் லுங்கி. உள்ளே இறங்கி மார்புக்கு மேல் முடிந்துகொள்ள வேண்டும். ஒரு சின்னப் பையிலிருந்து குழல் வழியாக வெந்நீர் உள்ளடுக்குக்கும் தோலுக்கும் நடுவே போகும். தண்ணீர்தான் தோலை விட்டுப் போகாதே, போகாமல் இருக்கட்டும். துணியை வெளியிலிருந்து தேய்த்தால் உடம்பு தேயும், வெளியடுக்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒரு சொட்டு வெளியே போகாது. தண்ணீர் ஒட்டிக்கொள்வதை மற்றவர்கள் தொல்லையாகப் பார்த்தார்கள், நான் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டேன். குளித்து முடித்ததும் துணியைக் காயப்போட வேண்டும். காய்கிற ஈரம் காற்றில் போகும். அந்தக் காற்றிலிருந்து அங்கிருக்கும் இயந்திரம் தண்ணீரைப் பிடித்துச் சுத்தம் செய்து மறுபடி குடிக்கக் கொடுக்கும். ஆகவே துணி சீக்கிரம் காய்ந்தாக வேண்டும். காயாத துணி நாறும், நாறும் துணியை நாலடிக்கு நாலடி இடத்தில் வைத்துக்கொண்டு யாரும் வாழ முடியாது.

என் வீட்டார் மூன்று தலைமுறையாக இந்த ஊர் முனிசிபாலிட்டியின் குழாயையும் சாக்கடையையும் பார்த்தவர்கள். கழுவுகிற வேலை எங்களுக்குக் கேவலமில்லை. நான் சிங்கப்பூரில் துணி வடிவமைப்புப் படித்துவிட்டு வந்து, எட்டு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மாதிரி தைக்கும் பிரிவைப் பார்த்தேன். பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு நோயாளிகளின் அங்கி, படுக்கை விரிப்பு என்று இங்கிருந்தே வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு விண்வெளி வேலை வந்தபோது, "உங்களிடம் யோசனை இருக்கிறதா?" என்று எல்லாரையும் கேட்டார்கள். அன்று மாலையே நான் என் பழைய குளியல் லுங்கியைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பிவிட்டேன். வெட்கப்படுவதற்கு எனக்கு நேரமில்லை.

பட்டறை என்று சொல்லிக்கொள்வது போட்டாதாங் பேட்டையில், ஆற்றோரச் சாலைக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு வெட்டு மேசை, மின்சாரம் போனால் ஓட்ட ஒரு பேட்டரி. ஜன்னலிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். கீழே டீக்கடைக்காரர் அதில் டீப் பையை மாட்டி ஆட்டினால் நான் மேலே இழுத்துக்கொள்வேன்.

அறையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒரே ஒரு தையல்காரப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பர்மியர், ஊருக்கு வெளியே கியாக்தானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பர்மிய வழக்கப்படி நான் அவரை 'மமா', அதாவது அக்கா, என்பேன். அவர் என்னை 'சயாமா' என்பார். அது டீச்சரம்மாவுக்கும் முதலாளியம்மாவுக்கும் பொதுவான மரியாதை. அவர் கைக்குத் தையல் அப்படிக் கட்டுப்படும். இரண்டு அடுக்கையும் ஒரு சுருக்கம் இல்லாமல் சேர்த்துத் தைத்தவர், யாரும் சொல்லாமலே மேல் விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டையும் வைத்துவிட்டார். பர்மியப் பெண்கள் உடுத்தும் லுங்கிக்குத் 'தமேன்' என்று பெயர். அதில் இடுப்பில் நழுவாமல் பிடிக்க அப்படி ஒரு பட்டை இருக்கும்.

"ஆம்பளைங்களும் இதையேதான் கட்டிக்குவாங்களா சயாமா?" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே துணிதான்."

"மேல போற வெள்ளைக்காரரும் தமேன் கட்டிக்கிட்டு மிதப்பாரு," என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பட்டை நன்றாகப் பிடித்ததால் நானும் அதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆள் என் கணவர். அப்பா தமிழர், அம்மா பர்மியர், சாமி கும்பிடுவது பகோடாவில். பக்கத்திலேயே படகுத்துறைக் கிடங்கில் சரக்குக் குமாஸ்தா. மத்தியானம் சாப்பிட அறைக்கு வருவார், வந்தால் என்னிடம் மாட்டிக்கொள்வார். துணியைச் சோதிக்க ஓர் உடம்பு வேண்டுமே.

நிறுவனம் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தது. மேலே ஒவ்வொருவருக்கும் ஓர் அலமாரி அளவில் சொந்த அறை உண்டு. தூக்கம், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் அதற்குள்தான். அதே அளவில் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து அறையின் மூலையில் நிறுத்தினோம். வரைபடத்தில் இருந்தபடி தலைப் பக்கம் இரண்டு புறமும் சின்ன விசிறிகள், ஒன்று காற்றை உள்ளே தள்ள, ஒன்று வெளியே இழுக்க. துணி காயப்போடும் கம்பியை எங்கே வைப்பது என்பது மட்டும் எங்கள் இஷ்டம். நான் அதைக் கணுக்கால் உயரத்தில் வரைந்தேன். மமா கம்பிக்கு ஏற்றபடி துணியில் வளையம் தைத்தார். என் கணவர் திருப்புளியால் கம்பியை முடுக்கினார். மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சோதனை இப்படி: நான் அதைக் கட்டிக்கொண்டு குளிக்க வேண்டும், துணியைப் பெட்டிக்குள் காயப்போட வேண்டும், அவர் உள்ளேயே இருக்க வேண்டும். மூச்சுக் காற்றிலும் ஈரம் இருக்கிறதல்லவா, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் கணவர் பிளாஸ்டிக் முக்காலியில் உள்ளே உட்கார, காலடியில் ஈரத்துணி தொங்கும்.

"என்னை என்ன கருவாடு போடறியா?" என்பார்.

"கருவாடு இவ்வளவு பேசாது. வாயை மூடிக்கிட்டு உக்காருங்க, கோ." அவரை நான் 'கோ' என்றுதான் கூப்பிடுவேன். பர்மிய மனைவிமார் கூப்பிடுவது அது, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பழகிப்போய்விட்டது.

இனி எது போனால் எங்களுக்கு என்ன போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாடுகளில் மூன்று பட்டறைகள் மூன்று விதமாகச் செய்துகொண்டிருந்தன. மேலே ஏறி, பிறகு கல்லைப் போட்டதுபோல் கீழே பாய்ந்து, பாய்கிற அந்தச் சில விநாடிகளுக்கு உள்ளே இருப்பவர்களை மிதக்கவிடும் விமானம் ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு குளியல் சாமானைத்தான் சோதிப்பார்கள். அந்த இடம் எங்களுக்குக் கிடைத்து, துணியும் தேறினால் இரண்டு வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். சிங்கப்பூரில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. என் கணவருக்கு அங்கே ஒன்றும் இல்லை, இருந்தாலும் அவர் இந்த ஆற்றை விட்டு வருகிறவர் இல்லை. "நீ போய்ட்டு வா மா. நான் இங்கதான் இருப்பேன்," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புத்தான்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. குளியல் பிரமாதமாக வந்தது. தரையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஆனால் துணி காயவில்லை. ஒரு நாள் கழித்தும் சில்லென்று இருந்தது. ஐந்தாம் நாள் எடுத்து முகர்ந்தேன். நனைந்த நாயின் வாடை.

மழையைக் குறை சொன்னேன். பிறகு துணியைக் குறை சொன்னேன். லத்தா பேட்டையில் மொத்தக் கடைக்காரரிடம் போய், "நீங்க குடுத்தது துணியா, சாக்கா?" என்று கத்தினேன். அவர் பொறுமையாக வேறு நான்கு தினுசு எடுத்துப் போட்டார். நான்கும் நாறின. மீதி இருந்தது நூலும் தையலும்தான். நான் யோசிக்கவே இல்லை, நேரே மமாவின் பக்கம் திரும்பினேன்.

"மடிப்பை இவ்வளவு இறுக்கித் தச்சா தண்ணி அங்கேயே நிக்காதா? எத்தனை வருஷமா தைக்கிறீங்க?"

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "என் தையல் நாறுதுன்னு சொல்றீங்களா சயாமா?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் தன் கத்தரிக்கோலை ஒரு துண்டுத் துணியில் சுற்றினார். சொந்தக் கத்தரிக்கோல் அது. பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. என் நாக்கு அப்படி. அது ஓடி முடித்த பிறகுதான் நான் வந்து சேருவேன்.

அந்த இரண்டாம் நாள் காலையில் நிறுவனத்து மேலாளரோடு வீடியோ பேச்சு. நிதானமான பெண்மணி, எந்தக் கேள்வியையும் ஒரே குரலில் கேட்பார். பெட்டியைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

"அந்தக் கம்பி ஏன் அந்த முனையில் இருக்கிறது?" என்று கேட்டார்.

"கீழே இருப்பதுதானே முறை," என்றேன்.

"சரி. அங்கே போன பிறகு கீழே எது?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய், இணைப்பும் போயிற்று. எனக்கு அது வசதியாக இருந்தது. வேலை தெரியாதவள் கேட்கிற கேள்வி என்று முணுமுணுத்துக்கொண்டு லேப்டாப்பை மூடினேன். பார்சல் அனுப்ப ஐந்து நாள்தான் பாக்கி, தைக்க ஆள் இல்லை. எனக்கு அப்போது எது மேல் எது கீழ் என்பதா கவலை?

மறுநாள் கியாக்தானுக்குப் பஸ் ஏறினேன். மனத்தாங்கல் தீர்க்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஊறவைத்த தேயிலை, 'லபே', நல்லதாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். மமாவின் வீடு ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவுக்குப் படகு போகிற துறைக்குச் சற்றுத் தள்ளி. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். சிரிக்கவில்லை.

"தப்பு என்னுதுதான் மமா," என்றேன். "உங்க தையல்ல ஒரு குத்தமும் இல்ல. எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது."

"அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்." பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். தட்டு எடுக்க உள்ளே போனவர் அப்படியே நின்று, "மழை வருது," என்று வெளியே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முன்பக்கம், ஆற்றுக் காற்று நேராக வருகிற இடத்தில், உயரக் கயிற்றில் அவர் கணவரின் சட்டைகளும் லுங்கிகளும். அவற்றை அவர் வாரிக்கொண்டார். "பின்னாடி என்னோடது கிடக்கு, எடுங்க," என்றார். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். பின்சுவருக்கும் வாழை மரங்களுக்கும் நடுவில், முழங்காலுக்குக் கீழே ஒரு கயிறு. அதில் மூன்று தமேன்கள். வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டேன். அதே வாடை. நான்கு வாரமாக என் மூக்கிலேயே இருந்த நனைந்த நாய்.

"மமா, இது எப்பப் போட்டது?"

"முந்தாநாளு. மழைக்காலமில்ல, காயாது."

"அந்தச் சட்டையெல்லாம்?"

"இன்னிக்குக் காலைல," என்றவர் கையில் இருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிடுச்சே," என்றார்.

மழை கொட்டியது. நான் நனைந்துகொண்டு நின்றேன். பெண் உடுத்திய லுங்கி ஆணின் தலைக்கு மேல் வரக்கூடாது. ஆண்பிள்ளைக்குப் பிறப்போடு வந்த ஒரு மகிமை உண்டு, அந்த லுங்கியின் கீழே நடந்தால் அது குறைந்துபோகும். இந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தாழக் கட்டிய கயிற்றைப் பார்த்தே வளர்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நான் பேசாத பேச்சா? தோழிகளிடம் இதைக் கிண்டல் செய்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். ஆனாலும் என் வீட்டுப் பால்கனியில் இரண்டு கயிறு இருக்கிறது. மேலே அவர் சட்டை, கீழே மூலையில் என் தமேன். அப்படிப் பழகிய என் கைதான் பெட்டியின் காலடியில், காற்றே போகாத மூலையில், கம்பியை வரைந்தது. பூமியிலாவது சூடான காற்று தானாக மேலே எழும்பும், கொஞ்சம் அசையும். அங்கே அதுவும் இல்லை. விசிறி தள்ளாத மூலையில் காற்று அப்படியே செத்துக் கிடக்கும். கீழே எது என்று அந்த அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி. மேலும் இல்லை கீழும் இல்லை என்ற இடத்துக்கு, நான் என் பால்கனியின் மூலையைப் பார்சல் கட்டி அனுப்பப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, இந்த முறை ஆள் மாறாமல் சரியான ஆள்மேல்.

மமாவை அன்றே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னேன். கம்பியைத் தலைப் பக்கம், இரண்டு விசிறிக்கும் நடுவில் மாற்ற வேண்டும், வளையங்களையும் அதற்கேற்றபடி மாற்றித் தைக்க வேண்டும் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு ஆம்பளையோட தலை இருக்குமே," என்றார்.

"அங்க தலையும் காலும் ஒண்ணுதான் மமா. தலைகீழாக்கூடத் தூங்குவாங்க."

"அங்க ஒண்ணா இருக்கலாம். இங்க பெட்டிக்குள்ள உக்காரப் போறது உங்க கோ தானே?" பிறகு என் பக்கம் திரும்பி, "நான் கறுப்புப் பட்டை வச்சுத் தச்ச தமேன் அது. அதை அவரு தலைமேல தொங்கவிட என் கை வராது சயாமா. கோவிச்சுக்காதீங்க," என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தின வாரமாக இருந்தால் அதற்கும் கத்தியிருப்பேன்.

அறையில் என் கணவர் எங்களுக்காகக் காத்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நம்புகிறவர். தெருவில் யார் வீட்டு மாடியிலாவது தமேன் தொங்கினால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறவர். அதற்காக நான் அவரைப் பதினைந்து வருடம் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று எனக்குக் கிண்டல் வரவில்லை.

"நீங்க உக்கார வேணாம் கோ. நானே உக்காந்துக்கிறேன்," என்றேன்.

"நீ உக்காந்தா அளவெடுக்கிறது யாரு, எழுதறது யாரு?" என்றார். "கணக்கு என் மூச்சுக்குத்தானே இத்தனை நாளும் எடுத்திருக்கே. ஆளை மாத்தினா அந்தக் கம்பெனியம்மா ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ளமாட்டார். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவர் திருப்புளியை எடுத்துத் தானே கம்பியைக் கழற்றி மேலே முடுக்கினார். பிறகு ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்று கழுத்தில் கை வைத்தார். அவர் அம்மா கட்டிவிட்ட தாயத்து அது, தமேனுக்குக் கீழே போனால் அதன் சக்தியும் போய்விடும் என்பது நம்பிக்கை. நான் பார்த்து ஒரு நாளும் அவர் அதைக் கழற்றியதில்லை. அன்று அதைக் கழற்றி, சுத்தமான கைக்குட்டையில் மடித்து என் மேசையின் மேல்தட்டில், எல்லாவற்றையும்விட உயரத்தில் வைத்தார். நான் ஈரத்துணியைக் கொண்டுவந்தேன். அவர் பெட்டிக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்து, "மாட்டு," என்றார்.

மாட்டினேன். கறுப்புப் பட்டை அவர் தலைமுடியைத் தொட்டது. ஒரு சொட்டு நெற்றியில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் நம்பாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. நம்பிக்கொண்டே உட்கார்ந்தார், நான் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக.

மமா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். "அவரே உக்காந்தப்புறம் எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியின் வளையங்களைப் பிரிக்கத் தொடங்கினார்.

அன்று மாலைக்குள் துணி காய்ந்துவிட்டது. வெளியே மழை விட்டபாடில்லை, உள்ளே துணி மொறுமொறுவென்று இருந்தது. மமா முகர்ந்தார், நான் முகர்ந்தேன், டீ கொண்டுவந்து மாட்டிய கடைக்காரரைக்கூட மேலே கூப்பிட்டு முகரச் சொன்னோம். "என்ன வாசம் வரணும்?" என்று கேட்டார். அதைவிட நல்ல பதில் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மூன்று மத்தியானம் என் கணவர் அரை நாள் லீவு போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு நாளும் தாயத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். வெளியே வந்து தலையோடு குளித்துவிட்டுத்தான் திரும்பக் கட்டுவார். நான்காம் நாள் காலை பார்சல் போயிற்று. மேலாளருக்கு, 'கீழே என்று ஒன்று இல்லை என்பதைத் தெரிந்துகொண்டேன், கம்பியை மாற்றிவிட்டேன்' என்று எழுதினேன். தப்பை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை, திருத்திய பிறகு.

விமானத்தில் எங்கள் துணிக்கே இடம் கிடைத்தது. ஐந்தாறு வாரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. மமாவும் நானும் வெட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தோம். வாட்டசாட்டமான ஓர் ஆள் மார்புக்கு மேல் கறுப்புப் பட்டையை முடிந்துகொண்டு மிதந்தார். பையை அமுக்கினார், தேய்த்தார், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பிறகு மெதுவாகத் தலைகீழாகச் சுழன்றார். இன்னொரு துணி அவர் கால் பக்கமாக வந்து, முகத்துக்கு மேலே போய், எங்கேயோ போயிற்று. மமா அவரை நேராகப் பார்க்கக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசியில் விட்டுவிட்டார்.

"பாவம், தலை எங்கன்னு அவருக்கே தெரியல," என்றார். அன்று அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு நான்கு மாதக் களைப்பும் போயிற்று.

முடிவு வருவதற்கு இன்னும் பத்து நாளாயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அறையில் இருக்கும்போது கடிதம் வந்தது. துணி தேறிவிட்டது, இரண்டு வருட ஒப்பந்தம், வேலை ரங்கூனிலேயே. மமா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஃபோனில் சொல்ல விரும்பவில்லை. அந்த முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வீடு நாலு தெரு தள்ளித்தான். மூச்சு வாங்க மாடியேறி, "கோ" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். பதில் பால்கனியிலிருந்து வந்தது.

அவர் துவைத்த துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழே மூலையில் இருந்த கயிற்றைக் காணோம். சுருட்டி ஓர் ஓரமாக வைத்திருந்தார். மேல் கயிற்றில், அவர் சட்டைகளுக்குப் பக்கத்தில், என் தமேன்கள் வரிசையாகத் தொங்கின. ஆற்றுக் காற்றில் ஒன்று அவர் தலையில் பட்டுப் பட்டுப் போய்க்கொண்டிருந்தது. தாயத்து கழுத்திலேயே இருந்தது.

நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். கடிதம் கையில் இருந்தது. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் போகப்போகிறேனா இருக்கப்போகிறேனா என்பதுகூடத் தெரியாது.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் என்ன பார்க்கிறேன் என்று புரிந்துகொண்டு, அடுத்த துணியை உதறினார்.

"கீழ போட்டா காயமாட்டேங்குது மா," என்றார்.